தேதி போட்டு வரைந்த மனிதர்



படம் வரைந்தால் மூலையில் தேதி போடு என்று வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அப்படித் தேதி போட்ட ஓர் ஓவியரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

அவர் பெயர் பீட்டர் சான்ரெடாம். 1597-இல் நெதர்லாந்தின் அசென்டெல்ஃப்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஹார்லெம் நகரில் வாழ்ந்து 1665-இல் மறைந்தார். அது பரோக் காலம். பரோக் என்றாலே தங்கமும் பளபளப்பும் மேகங்களில் தேவதூதர்களும்தான் நினைவுக்கு வரும். இவர் வரைந்ததோ வெள்ளைச் சுவர், தூண், வெளிச்சம், ஓரிரு மனிதர்கள். அவ்வளவுதான்.

சுவர்கள் ஏன் வெறுமையாக இருந்தன? 1566-இல் சீர்திருத்தக் கிறித்தவர்கள் பல ஆலயங்களில் சிலைகளை உடைத்தனர். பின்னர் ஆலயங்கள் அவர்கள் கைக்கு வந்ததும் பழைய சுவரோவியங்கள் மேல் சுண்ணாம்பு பூசினர். சான்ரெடாம் பார்த்தது அந்த வெள்ளையைத்தான்.

அவர் வேலை செய்த விதம் நமக்கெல்லாம் பாடம். ஆலயத்துக்குள் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைவார். தூண், வளைவுகளை அளந்து குறிப்பார். தன் கண் இருந்த மட்டத்தையும் ஒரு புள்ளியாகக் குறிப்பார். நாள், மாதம், ஆண்டு எழுதுவார். பிறகு வீட்டில் அளவுகோல் வைத்து இன்னொரு வரைபடம் போடுவார். அதன் பிறகே பலகையில் வண்ணம். 1636-இல் உட்ரெக்ட் நகரில் பல வாரங்கள் தங்கி அங்குள்ள ஆலயங்களை வரைந்தார். அவற்றுள் மரியாள் ஆலயத்தின் உட்புறத்தைக் காட்டும் ஓர் ஓவியம் 1641-இல்தான் முடிந்தது. ஐந்து ஆண்டுகள்!

அந்தப் பொறுமை வீண் போகவில்லை. உட்ரெக்ட் பேராலயத்தின் உட்புறத்தையும் அவர் வரைந்திருந்தார். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1674-இல் வீசிய பெரும் புயலில் அதன் நடுக்கூடம் இடிந்து விழுந்தது. இன்றும் கோபுரம் ஒருபுறம், ஆலயத்தின் மீதிப் பகுதி மறுபுறம், நடுவே வெறும் திடல். மரியாள் ஆலயமும் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. அவை எப்படி இருந்தன என்று அறிய, இவர் வரைந்த தாள்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஒரு படம் மட்டும் என் மனதை விட்டு அகலவில்லை. 1649-இல் தன் சொந்த ஊர் ஆலயத்தை வரைந்தார். இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொலைவில் சிலர் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறார்கள். முன்னால் தரையில் ஒரு கல்லறைக் கல். அது அவர் தந்தையுடையது. பத்து வயது நிறையும் முன்பே தந்தையை இழந்த பிள்ளை அவர். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. கல்லை அது இருந்த இடத்தில் அப்படியே வரைந்து வைத்தார்.

நாம் படித்த, படிப்பித்த அந்த ஓட்டுக் கட்டடம் இன்று இல்லை. முப்பது ஆண்டுகள் அங்கே நின்று பாடம் நடத்திய என்னிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை. உங்களுக்குத் தேதி போடச் சொன்ன நான் ஒரு கோடு வரைந்து வைக்கவில்லை. யாரிடமாவது பழைய புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் நினைவிலிருந்து வரைந்து அனுப்புங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்