ஜி.ஈ. ஃப்ரிட்ஜ்கள் குளிராமல் போன கதை

ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே பல்பு எரிகிறது. ஆனால் பால் திரிந்திருக்கிறது, ஃப்ரீசரில் ஐஸ் உருகித் தண்ணீராக நிற்கிறது. பல்பு எரிவதால் கரண்ட் வருகிறது என்று தெரியும். தெர்மோஸ்டாட், கதவு ரப்பர், காயிலில் படிந்த தூசி, ஃபேன், ரிலே என்று மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் கை வைப்பது பின்புறம் அடியில் இருக்கும் கறுப்பு டப்பாவில்தான். கம்ப்ரசர்! அது வெல்டிங் வைத்து மூடியது. வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

1987-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் (ஜி.ஈ.) நிறுவனத்தின் புத்தம் புது ஃப்ரிட்ஜ்கள் இப்படித்தான் நிற்க ஆரம்பித்தன. வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருக்கும்.

கதை அதற்குச் சில வருடங்கள் முன்னால் தொடங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜி.ஈ.யின் ஃப்ரிட்ஜ் வியாபாரம் சரிந்துகொண்டிருந்தது. ஒரு கம்ப்ரசர் செய்ய அவர்களுக்கு 65 நிமிட உழைப்பு தேவைப்பட்டது. ஜப்பான், இத்தாலி கம்பெனிகளுக்கு 25 நிமிடம் போதும். வெளியிலிருந்து வாங்கிவிடலாமா, நாமே புதிதாக ஒன்று செய்வதா என்று யோசித்து, செய்வதென்றே முடிவெடுத்தார்கள். டென்னசி மாநிலம் கொலம்பியாவில் 12 கோடி டாலர் செலவில் தொழிற்சாலை எழுந்தது.

புதியது ரோட்டரி கம்ப்ரசர். பழைய வகையில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய் வரும், இதில் உருளை ஒன்று சுழலும். உறுப்புகள் குறைவு, அதனால் செலவும் குறைவு. ஏ.சி.களில் ரோட்டரி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் ஏ.சி. பெரும்பாலும் கோடையில் மட்டும் ஓடும். ஃப்ரிட்ஜுக்கு வருடம் முழுக்க ஓய்வே கிடையாது. தவிர, ரோட்டரியில் மோட்டார் அழுத்தப்பட்ட சூடான வாயுவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் வெப்பமும் அதிகம். இது போதாதென்று, உள்ளே இரண்டு உறுப்புகளை வழக்கமான உலோகத்துக்குப் பதில் உலோகத் தூளை அழுத்திச் செய்தார்கள். மலிவு. ஜி.ஈ.யே முன்பு ஏ.சி.யில் முயன்று கைவிட்ட முறைதான் இது!

சோதனை செய்யாமல் இல்லை. 1983-ல் சுமார் 600 கம்ப்ரசர்களை அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் இரண்டு மாதம் இடைவிடாமல் ஓட்டினார்கள். அது ஐந்து வருட உழைப்புக்குச் சமம் என்று கணக்கு. ஒன்றுகூட நிற்கவில்லை. மேலிடத்துக்குப் போன செய்தி அவ்வளவுதான்.

ஆனால் ஓடி முடித்தவற்றை அறுத்துத் திறந்து பார்த்த டெக்னீஷியன் கண்டது வேறு. செம்புக் கம்பிகள் சூட்டில் நிறம் மாறியிருந்தன. பேரிங்குகளில் தேய்மானம், எண்ணெயும் சிதைய ஆரம்பித்திருந்தது. அவர் தன் மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மேலே அனுப்பவும் இல்லை. (1990-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதையெல்லாம் விரிவாக எழுதியது.) "நிற்கவில்லை" என்பதும் "நன்றாக இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. அந்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு அது ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. வீடுகளில் வைத்துப் பார்க்கும் சோதனையையும் அவசரத்தில் ஒன்பது மாதத்தோடு சுருக்கிக்கொண்டார்கள்.

1986 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. அந்த வருட முடிவுக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் தயாராகிவிட்டது. ஃப்ரிட்ஜ் நல்ல விற்பனை. 1987-ல் பழுதுகள் வர வர, திரும்பி வந்த கம்ப்ரசர்களை அறுத்துப் பார்த்தார்கள். அந்தத் தூள் உலோக உறுப்புகள்தான் தேய்ந்திருந்தன. அந்த டெக்னீஷியன் சில வருடம் முன்பு பார்த்த அதே காட்சி.

இனி என்ன செய்வது? ஒவ்வொன்றாக நிற்கும்வரை காத்திருந்தால் பெயர் கெடும். ஏறத்தாழ 11 லட்சம் கம்ப்ரசர்களைத் தாங்களே முன்வந்து மாற்றித் தந்தார்கள். இதை நிச்சயம் பாராட்ட வேண்டும், மறைத்துவிட்டுப் போயிருக்கலாம். 1988 கணக்கில் இதற்காக எழுதிய செலவு 45 கோடி டாலர். சும்மா வகுத்துப் பார்த்தால் ஒரு கம்ப்ரசருக்கு 400 டாலருக்கு மேல். தொழிற்சாலை கட்டிய செலவைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு.

காமர்ஸ் வகுப்பில் வருமானத்தையும் அதற்கான செலவையும் ஒரே ஆண்டில் காட்ட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். 1986-ல் விற்ற ஃப்ரிட்ஜின் லாபம் 1986 புத்தகத்தில் ஏறியது. அதன் உண்மையான செலவு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. உறுப்புக்கு உறுப்பு மிச்சம் பிடித்த பணத்தைக் கணக்கில் காட்ட முடிந்தது. நிறம் மாறிய செம்புக் கம்பியை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது?

மாற்றிப் பொருத்த ஜி.ஈ. பழைய பிஸ்டன் வகைக்கே திரும்பியது. அவற்றை வாங்கியது வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து.