தொலைபேசி ராக்கிலிருந்து சர்வர் ராக் வரை: புதுக்கோட்டைச் சீமையில் பழுது பார்த்தல்

சர்வர் ராக்கின் முன்பக்க அகலம் 19 அங்குலம். அதில் ஏறும் கருவிகளின் உயரத்தை ‘யூ’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யூ 1.75 அங்குலம். 19 அங்குலம் என்பது கணினிக்காரர்கள் வகுத்த அளவல்ல. கணினி பிறப்பதற்கு முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களை மாட்டிவைக்க எழுப்பிய இரும்புச் சட்டத்தின் அகலம் அது. சட்டத்தோடு பழுதைத் தேடும் முறையும் கணினிக்கு வந்து சேர்ந்தது. வறண்ட மண்ணும் பாறையும், தள்ளித் தள்ளிக் கிடக்கும் ஊர்களும் கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த முறையின் கதையைச் சொல்ல, தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-இல் திறக்கப்பட்டது. ஆபரேட்டர் கையால் இணைப்புக் கொடுத்த காலம் அது. அமெரிக்காவின் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறை பிறகு இந்தியாவுக்கும் வந்தது. 1948-இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலை அந்த வகைக் கருவிகளை நாட்டுக்குள்ளேயே செய்து தந்தது. ஸ்ட்ரௌஜர் செலக்டரில் ஒரு தண்டு பத்துப் படி மேலே ஏறும், பத்துப் படி பக்கவாட்டில் திரும்பும். நூறு தொடுமுனைகளில் ஒன்றைப் போய்த் தொடும். டயலில் நான்கைச் சுழற்றினால் நான்கு ‘டக்’ கேட்கும். பழுது பார்ப்பவருக்கு முதல் கருவி காதுதான். படி தவறினாலும் தண்டு பாதியில் நின்றாலும் தொடுமுனையில் தூசி படிந்து உரசினாலும், நூறு சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு சத்தம் வேறுபட்டுக் கேட்கும். பிறகு தொடுமுனையைத் துடைப்பார்கள், ரிலேயின் வில்தகட்டை இம்மியளவு வளைத்துச் சரிசெய்வார்கள். பழுதான உறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. பின்னால் வந்த எந்தத் தலைமுறைக் கருவியும் பழுது பார்ப்பவருக்கு அவ்வளவு இடம் கொடுக்கவில்லை.

இனி புதுக்கோட்டைக்கு வருவோம். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்து 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானது. வருவாய்த்துறையின் எல்லை மாறிய பின்னும் தொலைபேசி எண்ணில் பழைய எல்லை தங்கிவிட்டது. புதுக்கோட்டையின் எஸ்.டி.டி. குறியீடு 04322. தஞ்சையிலிருந்து வந்த அறந்தாங்கிக்கோ 04371. ஒரத்தநாட்டின் 04372, பட்டுக்கோட்டையின் 04373 ஆகியவற்றின் வரிசையிலேயே அது இன்றும் நிற்கிறது.

எந்த எக்ஸ்சேஞ்சுக்கும் உயிர் மைனஸ் 48 வோல்ட் மின்சாரம். இரண்டு வோல்ட் ஈய-அமில செல்கள் இருபத்துநான்கைத் தொடராகக் கோத்தால் அது கிடைக்கும். கரன்ட் இருக்கும்போது ரெக்டிஃபையர் செல்களைச் சார்ஜ் செய்துகொண்டே கருவிகளையும் ஓட்டும். கரன்ட் போனால் ஒரு நொடிகூட இடைவெளியின்றிப் பேட்டரி சுமையை ஏற்கும். இந்த அறையின் வேலை பொறுமை கேட்பது. செல்களில் ஒன்றை ‘பைலட் செல்’ என்று வைத்துக்கொண்டு, அதில் ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் வடிநீர் ஊற்ற வேண்டும். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் சுரண்டித் துடைத்து வாசலின் தடவ வேண்டும். ஒரு வாரம் நோட்டைப் புரட்டினால் எந்தச் செல் சோர்கிறது என்று எண்களே சொல்லிவிடும். இன்றைய சர்வரில் ‘லாக்’ என்று எதைப் பார்க்கிறார்களோ, அதன் மூத்த வடிவம் அந்தக் கோடு போட்ட நோட்டு. நோட்டை ஒழுங்காக எழுதிய நிலையங்களில் பழுது முன்னறிவிப்போடு வந்தது. எழுதாத இடங்களில் ஒரு கோடை இரவில் மொத்தமாக வந்தது.

அடுத்தது எர்த். புதுக்கோட்டை மாவட்டத்துக்கே உரிய சிக்கல் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் கருங்கல் பாறை. வேறு பல இடங்களில் கப்பிக்கல் கலந்த செம்மண். ஈரம் நிற்காத இத்தகைய நிலம் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. எக்ஸ்சேஞ்சின் எர்த் தடை சில ஓம்களுக்குள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மின்னலின் வேகம் மண்ணுக்குள் இறங்காமல் கருவிக்குள் திரும்பும். அதனால் ஆளுயரத்துக்கு மேல் குழி தோண்டி, உலோகத் தகட்டை இறக்கி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கி மூடுவார்கள். குழியின் மேலே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். கோடையில் அதன் வழியே தண்ணீர் ஊற்றினால்தான் கரியும் உப்பும் ஈரம் காத்து எர்த் பிடிக்கும். கத்திரி வெயிலில் மண் காய்ந்து கிடக்க, அதே நாட்களில் இடியோடு கோடைமழை இறங்கும். குழியில் தண்ணீர் ஊற்றிய நிலையத்துக்கும் ஊற்றாத நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் மறுநாள் காலையில் கருகிய கார்டுகளின் எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் ‘எம்.டி.எஃப்.’ என்ற பெரிய சட்டத்தில் வந்து முடியும். அங்கே ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் ஒரு வாயுக் குழல் இருக்கும். மின்னழுத்தம் ஏறினால் அது தன் வழியே அதை எர்த்துக்குக் கடத்திவிடும். பழுதைப் பிரிக்கும் முதல் கோடும் அங்கேதான் விழுந்தது. எம்.டி.எஃப்.பில் வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டு டயல் டோன் கேட்டால் உள்ளே பழுதில்லை, வெளியே போக வேண்டும்; கேட்காவிட்டால் லைன்மேனை வெயிலில் அனுப்பிப் பயனில்லை. வெளிப் பழுதுக்கும் பெயர்கள் இருந்தன: கம்பி அறுந்தால் ‘டிஸ்’, மண்ணைத் தொட்டால் ‘எர்த்’, இரண்டு கம்பி உரசினால் ‘கான்டாக்ட்’, கேபிளில் நீர் இறங்கினால் ‘லோ இன்சுலேஷன்’. பாதையை இரண்டாக வெட்டி, பழுதுள்ள பாதியை மறுபடி இரண்டாக வெட்டும் இந்த முறையைக் காட்டிலும் சிக்கனமான ஒன்று பின்னால் வந்த எந்தக் கையேட்டிலும் இல்லை.

பெரிய மாற்றம் சி-டாட் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் வழியாக வந்தது. 1984 ஆகஸ்டில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 36 மாதக் கெடுவும் 36 கோடி ரூபாயும் கொடுக்கப்பட்டன. அது உருவாக்கிய 128 போர்ட் கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்சு, சுருக்கமாக ‘ராக்ஸ்’, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. அதன் பெருமை எளிமையில் இருந்தது: ஏ.சி. வேண்டாம், தூசியையும் வெயிலையும் தாங்கும், ஓர் ஓட்டுக் கட்டடத்தின் சிறிய அறை போதும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறை கேட்ட காலத்தில், புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் ஊர்களுக்கு ஏற்றது அதுவே. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு, எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை அந்தத் தலைமுறை மறக்காது.

பழுது பார்ப்பவரின் தொழிலையும் ராக்ஸ் மாற்றியது. ஒரு லைன் கார்டு எட்டுச் சந்தாதாரர்களைச் சுமந்தது. எட்டு வீட்டுப் போனும் சேர்ந்து செத்தால் கார்டில் கோளாறு. ஒன்று மட்டும் செத்தால் அந்தச் சுற்றிலோ கம்பியிலோ கோளாறு. சந்தேகப்பட்ட கார்டை உருவி, பக்கத்து இடத்தில் சொருகிப் பார்ப்பார்கள். கோளாறு கார்டோடு போனால் கார்டு கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் பின்பலகையையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கார்டுகள் இரட்டையாக இருந்தன. ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும். காதுக்கும் வில்தகட்டுக்கும் வேலை முடிந்தது. கையில் கட்டும் எர்த் பட்டை புதிதாக வந்தது, ஏனென்றால் விரல் நுனியின் நிலைமின்சாரமே ஒரு சிப்பைக் கொல்லப் போதும். கெட்ட கார்டு பொட்டலமாகிப் பழுதுநீக்கும் மையத்துக்குப் பயணப்படும். அது திரும்பும்வரை கையிருப்பில் மாற்றுக் கார்டு இருக்கிறதா என்பதே ஊரின் தலைவிதி.

கணினிப் பக்கம் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறொரு பாடம் நடந்தது. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, நாடெங்கும் அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. செய்த நிறுவனம் இல்லாமலே ஓர் இயந்திரத்தை ஓட்ட முடியும் என்று அங்கே தெரிந்தது. பிறகு வங்கிக் கிளைகளுக்குக் கணினி வந்தது. எல்லாக் கணக்கும் மைய இடத்துக்குப் போகும் ‘கோர் பேங்கிங்’ வருமுன், கிளையின் கணக்குகள் கிளையிலேயே ஒரு சர்வரில் இருந்தன. பழுதானால் அருகிலுள்ள பெருநகரத்திலிருந்து இன்ஜினியர் பஸ் ஏறி வர வேண்டும்.

அவர் செய்வது எக்ஸ்சேஞ்சு அறைக்குப் பழக்கப்பட்டதே. இரண்டு பவர் சப்ளையில் எதில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று பார்ப்பார். தொடங்காத சர்வரில் ஒரு பிராசசர், ஒரு மெமரி மாட்யூல் மட்டும் வைத்து மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். தொடுமுனையில் படிந்த அழுக்கே காரணமாக இருந்து, கழற்றித் துடைத்து மறுபடி சொருகியதும் உயிர் பெற்ற மெமரிகள் ஏராளம். வெப்பமும் மெல்லக் கொல்லும். மின்தேக்கியின் ஆயுள் பத்து டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகும். மேல்மூடி உப்பிய மின்தேக்கி, தூசியடைத்த விசிறியைக் காட்டிக்கொடுக்கும். மிக ஆபத்தான தருணம் டிஸ்க் மாற்றும்போது வரும். ‘ரெய்டு 5’ அமைப்பில் ஒரு டிஸ்க் கெட்டாலும் தகவல் பிழைக்கும். ஆனால் அவசரத்தில் கெட்டதை விட்டுவிட்டு நல்லதை உருவினால் எல்லாம் போய்விடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் டிஸ்க்கைத் தொடும் முன் இடத்தின் எண்ணை வாய்விட்டுப் படிப்பார்கள்.

கருவி கெடாமலேயே பழுது வருவதும் உண்டு. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. செல்பேசி கோபுரங்களின் கருவிகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. அவற்றின் பேட்டரி வடிந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர வழியில்லாமல் சிக்னல் போனது. தேடிக் கண்டுபிடிக்க அங்கே உடைந்த கார்டு எதுவும் இல்லை.

அரசு அலுவலகங்களின் தகவல் இப்போது சென்னை பெருங்குடியின் மாநிலத் தரவு மையத்துக்கும், வங்கிக் கணக்குகள் வங்கிகளின் மைய சர்வர்களுக்கும் போய்விட்டன. தொலைபேசிக் கட்டடங்களில் ராக்ஸ் நின்ற இடத்துக்கு ஃபைபர் கருவிகள் வந்திருக்கின்றன. அவையும் அதே 19 அங்குலச் சட்டத்தில், அதே மைனஸ் 48 வோல்டில் ஓடுகின்றன. வெளியே எர்த் குழியும் இருக்கிறது, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.