இழப்புக்கு யார் பொறுப்பு? விரிபரப்பு வலையமைப்பின் வரலாற்றில் ஒரு திருப்பம்

ஒரு கட்டடத்துக்குள் கணினிகளை இணைக்கும் கம்பி, கட்டடத்தில் இருப்பவருக்கே சொந்தம். ஊரும் கடலும் தாண்டும் இணைப்பு பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்குப் பெறுவது. லேன் எனப்படும் குறும்பரப்பு வலையமைப்பையும் வேன் எனப்படும் விரிபரப்பு வலையமைப்பையும் பிரித்தறிய, தூரத்தைவிட இந்த உடைமை வேறுபாடே உதவும். பிறர் கம்பியில் போகும் தரவு வழியில் தொலைந்தால் அதை மீட்பது யார் வேலை? கம்பிக்காரருடையதா, இரு முனைகளிலும் உள்ள கணினிகளுடையதா? வேன் வரலாற்றை வேகத்தின் வளர்ச்சியாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அந்த வரலாற்றின் முதன்மைத் திருப்பம், இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு நடுவிலிருந்து முனைகளுக்கு நகர்ந்ததுதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தொலைபேசி அழைப்பு முடியும்வரை ஒரு தடம் முழுவதும் அதற்கே ஒதுக்கப்படும். விட்டு விட்டுப் பேசும் கணினிகளுக்கு அது வீண்செலவு. தரவைச் சிறு பொதிகளாக வெட்டி, பலரின் பொதிகளை ஒரே தடத்தில் அனுப்பலாம் என்று 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே கண்டனர். அம்முறையில் அமெரிக்காவில் கட்டப்பட்ட ஆர்ப்பாநெட் வலையமைப்பில் 1969 அக்டோபர் 29 அன்று முதல் செய்தி சென்றது. அதன் தடங்கள் நொடிக்கு 50 கிலோபிட் வேகத்தில் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. இன்றைய இணையத்தின் நேரடி முன்னோடி என்று ஆர்ப்பாநெட்டைச் சொல்கிறார்கள். பொறுப்பு என்ற அளவில் அது சரியல்ல. அதன் நடுவில் இருந்த ஐஎம்பி என்ற இடைக்கணினிகள், அடுத்த கணினி ஒப்புகை தரும்வரை ஒவ்வொரு பொதியின் நகலையும் வைத்திருந்தன. முனைகளில் ஓடிய என்சிபி நெறிமுறை, நடுவில் எதுவும் தொலையாது என்று நம்பியது. அந்த நடுவே தவறினால் என்ன ஆகும் என்பதை 1980 அக்டோபர் 27 காட்டியது: சிதைந்த சில நிலையறிவிப்புச் செய்திகள் ஐஎம்பிகளிடையே பரவி, வலையமைப்பு முழுவதும் பல மணி நேரம் முடங்கியது.

மாற்றுச் சிந்தனை பிரான்சிலிருந்து வந்தது. லூயி பூஸான் 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த சைக்ளேட்ஸ் வலையமைப்பில், நடுவின் வேலை பொதியை இயன்றவரை கொண்டுசேர்ப்பது மட்டுமே. தொலைந்ததைக் கண்டறிந்து மறுபடி அனுப்புவது முனைக் கணினியின் கடமை. அத்திட்டத்தில் பணியாற்றிய ஜெரார் லெ லான் ஸ்டான்ஃபோர்டில் வின்ட் செர்ஃபுடன் ஓராண்டு வேலை செய்தார். செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி என்ற நெறிமுறை, அனுப்பும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிக் கணக்கில் வைக்கிறது. குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் மீண்டும் அனுப்புகிறது. வழியிலுள்ள ரவுட்டர் முகவரியைப் பார்த்துப் பொதியைத் தள்ளிவிடுகிறது; இடமில்லை என்றால் கீழே போட்டுவிடுகிறது. தொலைபேசி நிறுவனங்களுக்கு இது பொறுப்பற்ற ஏற்பாடாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர்கள் 1976இல் தரப்படுத்திய எக்ஸ்.25 நெறிமுறை, தரவு வழுவாமல் வரிசையாகச் சேரும் பொறுப்பை மீண்டும் நடுவிடமே ஒப்படைத்தது.

ஒளியிழைக் கம்பிகளில் பிழை குறைந்ததால்தான் நடுவில் நடந்த சரிபார்ப்பு தேவையற்றுப்போனது, இதில் கொள்கைக்கு இடமில்லை என்பார்கள். 1990களில் எக்ஸ்.25ஐப் பின்தள்ளிய ஃபிரேம் ரிலே என்ற வேன் முறைக்கு இவ்விளக்கம் பொருந்தும். ஆனால் சைக்ளேட்ஸ் ஓடியது இரைச்சல் மிகுந்த தொலைபேசித் தடங்களில். ஆர்ப்பாநெட் என்சிபியை விட்டு, டிசிபியும் பொதியை முகவரிக்கு அனுப்பும் ஐபியும் சேர்ந்த டிசிபி/ஐபிக்கு மாறிய 1983 ஜனவரி 1 அன்றும் ஒளியிழை பரவலாகியிருக்கவில்லை. உண்மையான காரணத்தை 1984இல் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை விளக்குகிறது. எம்.ஐ.டி.யில் ஒவ்வொரு இணைப்பிலும் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோதே, ஓர் இடைக்கணினி தன் நினைவகத்துக்குள் பைட்டுகளை இடம் மாற்றி மூலநிரல்களைச் சிதைத்தது. கம்பி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் முனை சரிபார்த்தே ஆகவேண்டும். முனை சரிபார்க்கும்போது நடுவின் சரிபார்ப்பு வேகத்துக்கு உதவலாம், உத்தரவாதம் ஆகாது.

இதைவிட வலுவான மறுப்பு நெரிசலைப் பற்றியது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜத் தொலைவில், வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. தொலைந்ததை எல்லா முனைகளும் விடாமல் மீண்டும் அனுப்பியதே நெரிசலைப் பெருக்கியது. முனைகளை நம்பியது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் தீர்வும் முனையிலேயே கிடைத்தது. இழப்பையே நெரிசலின் அடையாளமாகக் கொண்டு, அனுப்பும் அளவைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றும் முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்டார். ரவுட்டர்களைத் தொடாமல், முனைகளில் மென்பொருளை மாற்றியே அதைப் பரப்ப முடிந்தது.

இந்தியாவிலும் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்த எர்நெட் வலையமைப்பு, டிசிபி/ஐபியையும் அதற்குப் போட்டியான ஓஎஸ்ஐ நெறிமுறையையும் சேர்த்தே தொடங்கியது. 1995க்குப் பின் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டிசிபி/ஐபியில்தான். இன்று நிறுவனங்கள் வாங்கும் எம்பிஎல்எஸ் என்ற வேன் சேவை நடுவில் பாதையை வகுக்கிறது. எஸ்டி-வேன் என்ற ஏற்பாடு, கிளை அலுவலகத்தில் வைத்த பெட்டியிலிருந்து எம்பிஎல்எஸ், பிராட்பேண்ட், 4ஜி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. நடுவுக்குச் சில அதிகாரங்கள் திரும்பியுள்ளன என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவற்றின் வழியே போகும் கோப்பு முழுதாகச் சேர்ந்ததா என்று பார்ப்பது இன்னமும் முனைக் கணினிதான். இந்தக் கொள்கையின் தொடக்கமான சைக்ளேட்ஸுக்கான நிதியை பிரெஞ்சு அரசு 1970களிலேயே வெட்டி, எக்ஸ்.25 அடிப்படையிலான டிரான்ஸ்பாக் வலையமைப்பை வளர்த்தது. டிரான்ஸ்பாக்கின் எக்ஸ்.25 சேவை 2012 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. அடுத்த ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட குயின் எலிசபெத் பொறியியல் பரிசைப் பெற்ற ஐவரில் பூஸானும் ஒருவர்.