காலையில் நொண்டும் குழந்தை, 10 மணிக்கு ஓடுதா? மூட்டுவாதமா இருக்கலாம்!

"எழுந்ததும் நொண்டுறான், கொஞ்ச நேரத்துல சரியாயிடுறான். எல்லாம் ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிப்பு!" இப்படிச் சொல்லும் வீடுகள் நிறைய. நடிப்பு இல்லாமலும் இருக்கலாம்.

மூட்டுவாதம் சின்னப் பிள்ளைக்கும் வரும். 16 வயதுக்குள் தொடங்கி, ஒரு மூட்டாவது 6 வாரத்துக்கு மேல் வீங்கியிருந்து, வேறு காரணமும் தெரியாவிட்டால் அது 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்'. சுருக்கமாக ஜேஐஏ. உடலைக் காக்கும் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது.

வளர்ற வலியா இருக்குமோ?

வளர்ற வலி ராத்திரியில் வரும், காலையில் போயிடும். வீக்கம் இருக்காது. ஜேஐஏ தலைகீழ்: காலையில் மோசம், நடக்க நடக்கக் குறையும். பேச்சு வராத குழந்தை வலின்னு சொல்லாது, தூக்கச் சொல்லி அடம் பிடிக்கும்.

ராயபுரம், காசிமேடு பக்கம் முட்டி வீங்கினா "எங்கயாச்சும் விழுந்திருப்பான்"னு எண்ணெய் நீவல், புத்தூர் கட்டு. ஜேஐஏவில் மூட்டை அசைக்காமல் கட்டி வைத்தால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து, காலை ஊன்றவே முடியலைன்னா அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

கண்ணையும் பார்க்கணும்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஜேஐஏ உள்ள சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் 'யுவைட்டிஸ்' என்ற அழற்சி வரும். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். ஸ்லிட் லேம்ப் கருவியில்தான் தெரியும். ஏஎன்ஏ டெஸ்ட் பாசிட்டிவ் வந்த சின்னக் குழந்தைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கணும். ஆர்ஏ டெஸ்ட் நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிட வேண்டாம், ஜேஐஏவில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நெகட்டிவ்தான்.

மாத்திரை எப்படி?

வலி மாத்திரை, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, அடுத்து மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒரே நாள். தவறுதலாக தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கேட்காவிட்டால் அடலிமுமாப் போன்ற ஊசிகள் உண்டு. வீக்கம் போனதும் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

எண்ணூர் காற்றுதான் காரணமா?

2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது பலருக்குக் கண் எரிச்சல், மூச்சுத் திணறல். கேள்வி நியாயம்தான். ஆனால் அமோனியாவால் ஜேஐஏ வரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. காரணம் தெரியாதது என்பதுதான் 'இடியோபதிக்' என்ற வார்த்தைக்கே அர்த்தம்.

எங்கே போவது?

பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனையும், 1819ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையும் இருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் போனால் சென்ட்ரலில் மாறணும்.

கிளம்பும் முன், காலையில் பிள்ளை நொண்டுவதை போனில் வீடியோ எடுத்துக்கோங்க. 11 மணிக்கு டாக்டர் முன்னாடி அது சாதாரணமா நடக்கும்.