அறிவியற் பிரிவும் தமிழ்ப் பாடமும்

மலேசியாவில் மூன்றாம் படிவத்தை முடித்த மாணவன் அறிவியற் பிரிவுக்குச் செல்வதா, கலைப் பிரிவுக்குச் செல்வதா என்பதை நெடுங்காலம் அவன் தீர்மானிக்கவில்லை. தேர்வுப் புள்ளிகளே தீர்மானித்தன. 1977 வரை எல்.சி.இ., 1978 முதல் எஸ்.ஆர்.பி., 1993 முதல் பி.எம்.ஆர். எனத் தேர்வின் பெயர் மாறியது. கணிதத்திலும் அறிவியலிலும் தேறியோர் அறிவியற் பிரிவுக்கும், மற்றவருள் பெரும்பாலோர் கலைப் பிரிவுக்கும் அனுப்பப்பட்ட வழக்கம் மாறவில்லை.

மாணவருள் அறுபது விழுக்காட்டினர் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளிலும் நாற்பது விழுக்காட்டினர் கலைத் துறையிலும் பயில வேண்டும் என்பது 1967இல் உயர்கல்வித் திட்டக் குழு வகுத்த இலக்கு. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்விலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் அறிவியற் பிரிவே கெட்டிக்காரருக்குரியது என்னும் எண்ணம் மட்டும் பெற்றோர் மனத்தில் ஆழ வேரூன்றிவிட்டது.

தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இப்போட்டியில் ஒரு தடை கூடுதலாக இருந்தது. ஆறாம் ஆண்டை முடித்ததும் அவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்ற பின்னரே முதலாம் படிவத்தை அடைந்தான். தமிழ்ப் பள்ளியில் 'நீராவி' என்று கற்றது தேசிய இடைநிலைப் பள்ளியில் 'வாப் ஆயர்' ஆயிற்று. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது அதுவே 'வாட்டர் வேப்பர்' ஆனது. அக்கொள்கையைக் கைவிடுவதென 2009இல் முடிவாயிற்று. பொருள் ஒன்றுதான், பிள்ளைதான் மும்முறை கற்க வேண்டியிருந்தது.

இத்தனையும் கடந்து அறிவியற் பிரிவில் இடம் பெற்றவன் அடுத்து எதிர்கொண்டது தமிழைப் பற்றிய கேள்வி. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப் பள்ளியில் தாய்மொழி கற்பிக்கப்படலாம் என்று 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளித்தது. பௌதிக வகுப்புக்கு எந்தப் பெற்றோரும் மனு எழுத வேண்டியதில்லை என்பதை இங்கே நினைக்காமலிருக்க இயலாது. பி.ஓ.எல். எனப்பட்ட அவ்வகுப்பு பல பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் புறம்பே நடந்தது. பௌதிகம், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றோடு ஆய்வுக்கூடச் செய்முறைகளும் நிரம்பிய கால அட்டவணையில் தமிழுக்குக் கிடைத்தது மிஞ்சிய நேரமே. தமிழ் இலக்கியத்தைத் தேர்வுக்கு எடுக்க விரும்பியோர் வார இறுதியில் வெளி வகுப்புகளை நாட நேர்ந்தது. அவற்றை ஊதியம் கருதாது நடத்திய ஆசிரியர் பலர். அவர்கள் இல்லையேல் மருத்துவமும் பொறியியலும் பயிலச் சென்ற தமிழருள் இலக்கியம் கற்றோரைக் காண்பது அரிதாயிருக்கும்.

இந்நிலையில்தான் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதக் கூடாதென 2009இல் அறிவிக்கப்பட்டது. பத்துக்குள் அடங்க அறிவியல் மாணவன் எதைக் கைவிடுவான் என்பதை அறியத் தமிழாசிரியருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தமிழ் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதன்பின் மேலும் இரு பாடங்கள் எழுத அனுமதி கிடைத்தது; தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அவ்விரண்டாக நின்றன.

2020இல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்னும் பிரிவினையே அகற்றப்பட்டது. பாடத் தொகுப்புகள் வந்தன. மூன்றாம் படிவத் தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. இன்று உயிரியலோடு இலக்கியத்தைச் சேர்த்துப் பயில விதி தடுப்பதில்லை. ஆயினும் எந்தத் தொகுப்பு கிடைக்கும் என்பது அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கையையும் ஆய்வுக்கூட வசதியையும் பொறுத்தது. தமிழ் வகுப்புக்கான 'பதினைந்து' என்னும் எண்ணோ 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.