கோராகின் வீட்டாரும் கம்போடிய நடன ஆசிரியையும்

தியானப் பகுதி: எண்ணாகமம் 26:9-11



எண்ணாகமம் 26-ஆம் அதிகாரம் பெயர்களும் தொகைகளும் நிறைந்த பகுதி. வாசிப்போர் பலரும் அதை விரைந்து கடந்துவிடுவர். ஆனால் அந்தப் பட்டியலின் நடுவே ஒரு சிறு குறிப்பு உண்டு. மோசேக்கு விரோதமாய் எழும்பிய கோராகைப் பூமி விழுங்கியதை நினைவுபடுத்திய கையோடு, அவனுடைய குமாரர் அழியாமல் தப்பினர் என்றும் வேதம் எழுதி வைக்கிறது. தகப்பன் பெயரே கலகத்தின் பெயராகிவிட்ட பின்பு, அந்தப் பிள்ளைகள் எந்த முகத்தோடு சபையின் நடுவே வாழ்ந்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, இவ்வாரம் கம்போடிய தேசத்தின் ஒரு குடும்பத்தைக் குறித்துச் சிந்திப்போம்.

கம்போடியாவின் பெரும்பான்மை மக்கள் கெமர் இனத்தார். அங்கோர் வாட் கோயிலைக் கட்டிய பழம்பெரும் நாகரிகம் அவர்களுடையது. அவர்களுடைய அரண்மனை நடனம் பல நூற்றாண்டுப் பாரம்பரியம் உடையது. அதில் கைகளே பேசும். விரல்களின் ஒரு வளைவு தளிரையும், மற்றொன்று இலையையும், மற்றொன்று மலரையும், இன்னொன்று கனியையும் குறிக்கும். சிறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களுடைய விரல்களைப் பின்னோக்கி வளைத்துப் பல ஆண்டுகள் பழக்குவார்கள். இக்கலை ஏட்டில் வாழ்ந்ததைவிட ஆசிரியைகளின் உடலிலும் நினைவிலுமே அதிகம் வாழ்ந்தது.

1930-களில் அந்த அரண்மனையின் அருகே, சலோத் சார் என்னும் ஒரு சிறுவன் வளர்ந்தான். கம்போங் தோம் மாகாணத்தின் ஒரு கிராமத்திலிருந்து படிப்பதற்காகத் தலைநகரான புனோம் பென்னுக்கு அனுப்பப்பட்டவன் அவன். அவனுடைய சகோதரி மோனிவோங் அரசரின் துணைவியரில் ஒருவர். அண்ணன் லோத் சுவோங் அரண்மனையில் அலுவலர். அச்சிறுவன் சில மாதங்கள் பௌத்த மடத்தில் இளந்துறவியாய் இருந்தான். பின்பு அண்ணன் வீட்டில் தங்கி, கத்தோலிக்கப் பள்ளியொன்றில் படித்தான். சுவோங்கின் மனைவி சியா சாமி, சிறுமியாக அரண்மனைக்குள் சேர்க்கப்பட்டு அங்கேயே பயின்ற நடனக் கலைஞர். அண்ணனும் அண்ணியும் பின்னாளில் அவனை அமைதியான, இனிய பிள்ளையாகவே நினைவுகூர்ந்தனர்.

அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் போல் பாட் என்னும் பெயரால் உலகம் அறிந்தவன்.

1975 ஏப்ரல் 17 அன்று, அவன் தலைமையிலான கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னைக் கைப்பற்றியது. நோயாளிகள் உட்பட நகரத்தார் அனைவரும் வயல்வெளிகளுக்குத் துரத்தப்பட்டனர். பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, துறவிகளின் காவியுடை களையப்பட்டது. சாம் இன முஸ்லிம்களும் வியட்நாமியரும் குறிவைத்துக் கொல்லப்பட்டனர். திருச்சபையும் தப்பவில்லை. தலைநகரின் கத்தோலிக்கப் பேராலயம் தரைமட்டமாக்கப்பட்டது. நகரம் வீழ்வதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு ஆயராக அருட்பொழிவு பெற்ற யோசேப்பு சும்மார் சாலாஸ், தம் மக்களோடு வயல்வெளிக்குச் சென்று, பசியிலும் கடின உழைப்பிலும் உயிர் நீத்தார். 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சி வீழ்ந்தபோது, 15 முதல் 20 லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டிருந்தனர். ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒருவர் இல்லாமற்போயினர்.

அந்நான்கு ஆண்டுகளில் அரண்மனை நடனத்தின் ஆசான்களும் இசைக்கலைஞர்களும் பெரும்பாலும் அழிந்துபோயினர். பழைய அரசோடு தொடர்புடையது என்பதே அக்கலையின் குற்றம்.

அன்பானவர்களே, இங்கே சற்று நின்று கவனியுங்கள். போல் பாட் அந்தப் பாரம்பரியத்தை அறியாத அந்நியன் அல்லன். தான் அழித்த மடத்தில் அவன் வாழ்ந்திருந்தான். தான் மூடிய பள்ளியில் அவன் படித்திருந்தான். தான் ஒழித்த நடனம் அவனுடைய அண்ணியின் வாழ்வாயிருந்தது. கோராகும் அப்படியே. அவன் வெளியாள் அல்லன்; ஆசரிப்புக் கூடாரத்தின் பரிசுத்த பொருட்களைத் தோளில் சுமந்த கோகாத்தியர் வம்சத்தான். பரிசுத்தமானவற்றின் அருகே வளர்வது ஒருவனைக் காப்பாற்றிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்ள இடமில்லை. ஞாயிறு பள்ளியும், பாடகர் குழுவும், ஊழியக்காரரின் வீடும் பிள்ளைகளுக்குப் பெரும் நன்மை செய்யலாம்; ஆனால் மனந்திரும்பிய இருதயத்தை அவை தாமாகவே உண்டாக்கமாட்டா.

சுவோங்கும் சியா சாமியும் மற்ற நகரத்தாரைப் போலவே வெளியேற்றப்பட்டனர். போல் பாட்டின் இன்னொரு சகோதரர் அந்த வெளியேற்றத்தில் உயிரிழந்தார். தேசத்தின் தலைவர் போல் பாட் என்று அறிந்திருந்தும், அந்தப் பெயருக்குப் பின்னே இருப்பவன் யார் என்பதை இத்தம்பதியர் நெடுநாள் அறியவில்லை. 1978-இல் பொது உணவுக்கூடத்தில் மாட்டப்பட்ட தலைவரின் படத்தைக் கண்டபோதுதான், அது தங்கள் வீட்டில் வளர்ந்த சலோத் சாரின் முகம் என்று தெரிந்துகொண்டனர்.

ஆட்சி வீழ்ந்தபின் சியா சாமி புனோம் பென்னுக்குத் திரும்பினார். எஞ்சிய கலைஞர் மிகச் சிலர். அவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவூட்ட, பழைய அசைவுகளைத் திரும்பச் சேர்த்தனர். 1980-களின் தொடக்கத்தில் நுண்கலைப் பள்ளி மறுபடியும் இயங்கத் தொடங்கியது. அங்கே பயில வந்த பிள்ளைகளில் பலர் பெற்றோரை இழந்தவர்கள். அவர்களுடைய விரல்களைப் பிடித்து வளைத்துக் கற்பித்த முதன்மை ஆசிரியைகளில் ஒருவர் சியா சாமி. அந்தப் பிள்ளைகளை அநாதைகளாக்கியவனின் அண்ணி அவர். அந்த உறவு இரகசியமாய் இருக்கவில்லை. வரலாற்றாசிரியர்களிடம் அவரே அதைக் குறித்துப் பேசினார். 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நடனத்தை மனித குலத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

அந்த நடனத்தோடு இணைந்த வழிபாடு நம்முடையது அன்று. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், இடிக்கப்பட்டதைக் கட்டி எழுப்பும் கைகளைக் கனம்பண்ண நாம் அறிந்திருக்க வேண்டும்.

இனி கோராகின் வீட்டுக்குத் திரும்புவோம். சங்கீத புத்தகத்தில் பதினொரு சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரர் என்ற பெயர் காணப்படுகிறது. தீர்க்கதரிசியான சாமுவேலும் அந்த வம்சத்தாரே என்று 1 நாளாகமம் 6-ஆம் அதிகாரம் காட்டுகிறது. அவர்கள் தகப்பனின் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கலகக்காரனின் பெயரைத் தாங்கிக்கொண்டே தேவாலயத்தில் துதி பாடினர்.

பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளைத் தொடரும் என்று யாத்திராகமம் 20-இல் வாசிக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். பாவத்தின் விளைவுகள் தலைமுறைகளைத் தொடர்வது உண்மையே. கம்போடியாவின் அநாதைகளே அதற்குச் சாட்சி. ஆனால் குற்றம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சொத்தைப்போல் இறங்குவதில்லை. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் இதையே வலியுறுத்துகிறது. அவனவன் தன் வழிக்குத் தானே கணக்குக் கொடுக்கவேண்டும். போல் பாட் 1998-இல் எந்தப் பன்னாட்டு நீதிமன்றத்தின் முன்பும் நிற்காமல் மரித்தான். அவனுடைய முக்கிய தோழர் இருவரை 2018-இல் தீர்ப்பாயம் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. மனித நீதி தாமதித்தாலும், தவறவிட்டாலும், தேவனுடைய நியாயாசனத்தை எவரும் தாண்டிப் போவதில்லை.

நம் சபையிலும் ஒரு சகோதரனின் குற்றத்தினிமித்தம், ஒரு தகப்பனின் குடியினிமித்தம், ஒரு மகனின் வழக்கினிமித்தம் கடைசி இருக்கையில் அமர்ந்து தலைகுனிந்து போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: நடந்த தீமையைச் சிறிதாக்கவேண்டாம், பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீரை மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் உங்கள் வாழ்வின் கடைசி வார்த்தை அன்று. இடிந்த இடத்தில் உங்கள் கைகளுக்கு வேலை உண்டு. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவருடைய குடும்பப் பெயரைக் கேட்டவுடன் நாம் தள்ளி அமர்வோமானால், கோராகின் புத்திரருடைய சங்கீதங்களை எந்த வாயால் பாடுவோம்?

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, கம்போடியாவில் இன்னும் தங்கள் மரித்தோருக்காக அழுகிறவர்களைத் தேற்றும். உறவினரின் பாவத்தினால் வெட்கத்தைச் சுமப்போரை நிமிர்த்தும். இடிக்கிறவர்களின் நடுவே கட்டுகிறவர்களாய் எங்களை நிறுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.