சதுரங்கப்பட்டினமும் சிகாகோவும்: பள்ளித் தலைமையைத் தேர்வதில் பெற்றோரின் இடம்

சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டைக்கு முன்னே கடலும் மீனவர் குப்பமும். சற்றுத் தள்ளிக் கல்பாக்கம் அணுமின் நிலையமும் அதன் ஊழியர் குடியிருப்பும். குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அணுசக்தித் துறைப் பள்ளிகளும் கேந்திரிய வித்யாலயாவும் உண்டு. குப்பத்துப் பிள்ளைக்கும், இருளர் வீட்டுப் பிள்ளைக்கும், காது கேளாத, நடக்க இயலாத ஏழைப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிதான் கதி. அங்கே தலைமையாசிரியராக யார் வருகிறார் என்பது அவர்கள் படிப்பின் போக்கையே மாற்றிவிடும். அவரைத் தேர்வதில் ஊருக்குப் பங்கு உண்டா?

சிகாகோவில் உண்டு. இல்லினாய் சட்டமன்றம் 1988-ல் இயற்றிய சட்டத்தின்படி 1989-ல் அந்த நகரப் பள்ளி மன்றங்களுக்கு முதல் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு பள்ளி மன்றத்திலும் 6 பெற்றோர், ஊரார் 2 பேர், ஆசிரியர் 2 பேர், ஆசிரியரல்லாத ஊழியர் ஒருவர், தலைமையாசிரியர். உயர்நிலைப் பள்ளியானால் மாணவர்களுக்கும் இடம் உண்டு. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுத்து 4 ஆண்டு ஒப்பந்தம் தருவதும், அது முடியும்போது நீட்டிப்பதா விடுவிப்பதா என்று முடிவு செய்வதும் இந்த மன்றமே. வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. பிழைக்க வந்த மெக்சிகோக்காரத் தாயும் வாக்களிக்கலாம். படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

நம் ஊரில் பணிமூப்பும் கலந்தாய்வும்தான். காலியிடப் பட்டியலும் முன்னுரிமை வரிசையும் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சேர்ந்த பிறகுதான் பெற்றோர் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் சிகாகோ முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. தலைமையாசிரியரை ஊர் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால், ஆதிக்கச் சாதி தன் ஆளைத்தான் கேட்கும். தலித் தலைமையாசிரியரை வேண்டாம் என்று சொல்லவும் துணியும். அந்த வாயை அடைப்பது இன்று பணிமூப்பு வரிசைதான். அதை லேசில் விட்டுவிடக் கூடாது.

மேசையைச் சுற்றி யார் உட்கார்கிறார்கள் என்பதில் நம் சட்டம் ஒரு படி மேல். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், பின்தள்ளப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். பின்தள்ளப்பட்டோர் என்ற பிரிவுக்குள் மாற்றுத்திறன் குழந்தைகளையும் 2012 திருத்தம் சேர்த்தது. சிகாகோ மன்றத்தில் ஊனமுற்ற பிள்ளையின் தாய்க்கென்று தனி இடம் இல்லை. இந்த வேறுபாடு சின்னதல்ல. 2016-ல் சிகாகோ கல்வி நிர்வாகம் சிறப்புக் கல்வி விதிகளை மாற்றியது; பிள்ளைகளுக்கு உதவி கிடைப்பது கடினமாயிற்று. பெற்றோரும் ஆதரவு அமைப்புகளும் போராடியபின், சட்டமீறல் நடந்திருக்கிறது என்று 2018-ல் மாநிலக் கல்வி வாரியம் கண்டு, கண்காணிப்பாளரை நியமித்தது. தலைமையாசிரியரைத் தேர்ந்தவர்கள் பெற்றோர்தான். ஆனால் பணப்பையும் விதிப்புத்தகமும் தலைமையகத்தில் இருந்தன.

இங்கே குழுவின் கையில் இருப்பவை கண்காணிப்பு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம், மானியச் செலவைப் பார்வையிடுதல். 2022-ல் தமிழக அரசு 20 உறுப்பினர்களோடு குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தபோது பெற்றோரே தலைவரைத் தேர்ந்தார்கள். பள்ளித் தலைமை என்ற சொல்லுக்குள் ஊரின் வாக்கு நுழையும் ஒரே வாசல் இந்தத் தலைவர் தேர்வு. மீன்கூடையோடு சந்தைக்குப் போன தாயும், கூலிக்குப் போன இருளர் தந்தையும் வரமுடியாத நேரத்தில் கூட்டம் போட்டுத் தலைவரைத் தேர்ந்தால், சட்டம் தந்த விகிதம் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கும்.

என் கோரிக்கை சிறியது. நியமனம் கலந்தாய்விலேயே இருக்கட்டும். புதிய தலைமையாசிரியர் சேர்ந்த முதல் மாதமே குழுமுன் அமர்ந்து, எல்லாப் பிள்ளையையும் எப்படிச் சேர்த்துக்கொள்ளப் போகிறார் என்று சொல்லட்டும். ஆண்டு முடிவில் குழு தன் கருத்தை எழுதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பட்டும். பணி மதிப்பீட்டில் அதற்கும் இடம் வேண்டும். அந்த முதல் கூட்டத்தில் ஒரு தாய் கேட்க வேண்டியவை: சக்கர நாற்காலிப் பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவீர்களா? சிறப்பாசிரியர் வராத நாட்களில் என் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்? பள்ளிக்கு வராமல் நின்றுபோன இருளர் பிள்ளையின் வீட்டுக்கு எப்போது போகிறீர்கள்?